போர்க்கப்பலுக்கு எதிராக ஒரு மனு

கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் போர்க்கப்பலை வழிவிடச் சொல்ல முடியுமா? போன வாரம் பாளையங்கோட்டையில் என் ஆபீசில் அந்த முயற்சி நடந்தது...

வந்தவர் மேலப்பாளையம் ஜெய்னம்பு. கணவர் மைதீனுக்குக் குவைத்தில் கட்டட வேலை. ஈராக் படை அங்கே புகுந்த அன்றைக்கு அவர் காலில் மாவுக்கட்டு — சாரத்திலிருந்து விழுந்திருக்கிறார். கூட இருந்தவர்கள் பஸ்ஸிலும் லாரியிலும் பாலைவனம் தாண்டி, ஜோர்டான் வழியாக ஊர் வந்து சேர்ந்துவிட்டார்கள். இவர் மட்டும் அங்கேயே. இந்தியாவிலிருந்து உணவு ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் போகும், திரும்பும்போது நம் ஆட்களை ஏற்றி வரும் என்று பேப்பரில் செய்தி. ஆனால் கடலை அடைத்துக்கொண்டு பல நாட்டுப் போர்க்கப்பல்கள் நிற்கின்றன. அனுமதி வேண்டும்.

"சோறு கொண்டுபோற கப்பல மறிக்கதுக்குச் சட்டம் இருக்கா சார்?" என்று கேட்டார் ஜெய்னம்பு.

நான் யார்? வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையும் பார்க்கிற வக்கீல். சர்வதேசச் சட்டம் படித்தது பரீட்சைக்காக. அதற்காக 'தெரியாது' என்று சொல்ல ஒரு வக்கீலுக்கு வாய் வருமா? இரண்டு நாள் வாய்தா வாங்கிக்கொண்டு லைப்ரரியில் போய் உட்கார்ந்தேன்.

சட்டம் இருக்கத்தான் செய்கிறது. அடுத்தவன் நாட்டை அமுக்கியவனுக்குச் சரக்கு போகக் கூடாது என்று ஐ.நா. தடை போட்டிருக்கிறது. போகிற வருகிற கப்பலை நிறுத்திச் சோதனை போடலாம். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை — அபகரித்தவனுக்கு விருந்தா வைப்பார்கள்? மருந்துக்குத் தடை கிடையாது. சாப்பாட்டில்தான் சிக்கல். மனிதாபிமானக் காரணம் இருந்தால் விடலாம். இருக்கிறதா இல்லையா என்பதைப் பதினைந்து நாடுகளின் கமிட்டி கூடி முடிவு செய்யும்.

அதாவது, பசியை நிரூபிக்க வேண்டும். நம்மூர் வழிப்பாதைக் கேஸில் கோர்ட் கமிஷனர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு ரிப்போர்ட் கொடுப்பார். இங்கே யார் போய் யார் வயிற்றைப் பார்ப்பது? எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

வாய்தா அன்றைக்கு வந்த ஜெய்னம்புவிடம், டெல்லிக்கு, வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு மனு எழுதுவோம் என்றேன். என் குமாஸ்தா சங்கரன் அண்ணாச்சி முப்பது வருஷமாக முன்சீப் கோர்ட்டுக்கு மனு டைப் அடிப்பவர்.

"எதிர்மனுதாரர்னு யாரைப் போட, சார்?"

"அப்படி யாரும் கிடையாது அண்ணாச்சி. இது வெறும் லெட்டர்தான்."

தலையை ஆட்டினார். அடித்துக் கொண்டுவந்ததைப் பார்த்தால் — மேலே கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். கீழே, 'எதிர்மனுதாரர்கள்: போர்க்கப்பல்கள் வகையறா.' கை பழகிய பழக்கம், என்ன செய்ய? எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஜெய்னம்பு சிரிக்கவில்லை. "ஸ்டாம்பு பத்துமா சார்? வேணும்னா இன்னும் ஒண்ணு ஒட்டச் சொல்லுங்க" என்றார்.

என் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. வேறு தாளில் அடிக்கச் சொல்லிவிட்டு, "அவர் பசியோட இருக்கார்ங்கிறதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்காம்மா?" என்று கேட்டேன். கேட்கவே கூசியது.

ஒரு கடிதத்தை நீட்டினார். ஊர் திரும்பிய நண்பர் ஒருவரிடம் மைதீன் கொடுத்தனுப்பியது. நாலே வரி. 'நலம். கால் பரவாயில்லை. நன்றாகச் சாப்பிடுகிறேன். கவலைப்படாதே.'

"நல்லாச் சாப்பிடுறதாத்தானேம்மா எழுதியிருக்கார்?"

"அதான் சார் பயமா இருக்கு. கல்யாணமாகிப் பன்னெண்டு வருசம். அங்கனருந்து வந்த ஒரு லெட்டர்லகூட அவுக சாப்பாட்டைக் குறை சொல்லாம இருந்ததில்ல. சோத்துல கல்லு, மீனு நாறுது, சாயாவுல சீனி இல்ல... ரெண்டு பக்கத்துக்கு அதுதான் எழுதுவாக. இப்ப நல்லாச் சாப்பிடுதேன்னு எழுதிருக்காகன்னா, குறை சொல்லக்கூட அங்கன ஒண்ணுமில்லன்னுதான சார் அர்த்தம்?"

இருபது வருஷமாகக் குறுக்கு விசாரணை செய்கிறேன். இந்தச் சாட்சியிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வியும் இல்லை. அவர் சொன்னதை அப்படியே மனுவில் சேர்த்து அனுப்பினேன்.

நாலு நாள் கழித்துப் பேப்பரில் பார்த்தேன், கப்பலுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. எங்கள் மனு டெல்லிக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா என்பதே சந்தேகம். இருந்தாலும் ஆள் அனுப்ப மனசு வரவில்லை. நானே மேலப்பாளையம் போய்ச் சொன்னேன். ஜெய்னம்பு முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"இனிமேலாவது நேரத்துக்குச் சாப்பிடுங்கம்மா" என்றேன்.

"சோத்துல கல்லு கெடக்குன்னு அவுக ஒரு லெட்டர் போடட்டும் சார். அன்னைக்குச் சாப்பிடுதேன்."