கேட்டில் கிடந்த போன்

அந்தக் கூட்டத்தில் பாதி தூக்கிய கையை நான் ஏன் இறக்கினேன்? ஒரு வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் அது கூச்சம் என்று தோன்றுகிறது. இன்னொரு நாள் அது வெறும் கௌரவம் என்று தோன்றுகிறது. இன்றுவரை பதில் தெரியவில்லை.

மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம். புனேயில் போபோடி என்ற பகுதியில் இருக்கிறோம். எங்கள் சந்திலிருந்து பள்ளிக்குப் பத்து நிமிட நடை. வகுப்புக்கு ஒரு தாயைப் பெற்றோர் பிரதிநிதியாக வைப்பார்கள். யாராவது கேட்டால் மறுக்கத் தெரியாது என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. ஜூனில் நடந்த முதல் கூட்டத்தில், இனி மதியச் சாப்பாட்டைக் கேன்டீனிலேயே வாங்கலாம், பணம் கட்டப் புதிய ஆப் ஒன்று வந்திருக்கிறது என்று அறிவித்தார்கள். தினமும் காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் ஆப்பைத் திறந்து ‘இன்று சாப்பாடு வேண்டும்’ என்று அழுத்த வேண்டும். வங்கியில் பதிவான எண்ணுக்கு ஓடிபி வரும். அதைப் போட்டால் பணம் போய், குழந்தையின் பெயர் பட்டியலில் ஏறும். ஒரு எண்ணில் ஒரு வீட்டுப் பிள்ளைக்குத்தான் கட்ட முடியும். சாப்பாடு வீணாகாது, பிள்ளைகள் கையில் காசு புழங்காது என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் எனக்கு எங்கள் சந்து ஞாபகம் வந்தது. அங்கே பாதி வீட்டு ஆண்கள், என் கணவர் உட்பட, பக்கத்துக் கட்கியில் ராணுவத்துக்குப் பொருள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார்கள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் இருக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்வார்கள். ஷிஃப்ட் முடிந்து வரும்போதுதான் போன் மறுபடி கைக்கு வரும். சம்பளக் கணக்கு அவர்கள் பெயரில், ஓடிபி வரும் எண்ணும் அவர்களுடையது. எனக்கு மட்டும் திருமணத்துக்கு முன் ஆம்பூரில் டீச்சராக இருந்தபோது தொடங்கிய கணக்கு என் எண்ணிலேயே இருந்தது. என் பாடு பரவாயில்லை. மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கத்தான் கையைத் தூக்கினேன். அதற்குள் முன் வரிசையில் ஒரு அம்மா கேன்டீனில் என்ன எண்ணெய் பயன்படுத்துகிறார்கள் என்று சரளமான ஆங்கிலத்தில் கேட்டார். எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். எங்கள் வீட்டு ஆண்களின் போன் கேட்டில் கிடக்கும் கதையை அந்த அறையில் எந்த மொழியில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே கையை இறக்கிவிட்டேன்.

இரண்டு வீடு தள்ளி ஒரு அக்கா இருக்கிறார். அவருடைய பெண்ணும் என் மகள் வகுப்புதான். குடும்பம் வேலூர்ப் பக்கம் என்றாலும் அவர் பிறந்தது புனேயில். தமிழ் பேசுவார், எந்த மொழியும் படிக்க வராது. பள்ளிக் காகிதம் எது வந்தாலும் என்னிடம் எடுத்து வருவார். ஆப்பில் சேரச் சொல்லி அவர் வீட்டுக்குப் போனேன்.

“எங்க ஊட்டுக்காரரு போனு கேட்டுல இல்ல கெடக்கும்? அதுக்கு இன்னா, கால் முளைச்சி நடந்து வருமா?” என்று சிரித்தார்.

“அண்ணனுக்கு இப்ப மத்தியான ஷிஃப்ட்தானே அக்கா. காலையில போன் வீட்லதான இருக்கும்.”

“ஷிஃப்ட்டு மாறுனா?”

“அதுக்குள்ள ஏதாவது வழி பண்ணிடலாம்.”

“சரி. டீச்சரம்மா சொன்னா அப்பீல் ஏது? சாப்பாட்டு டப்பா கட்ற வேலையாவது மிச்சம்.”

வழி பண்ணலாம் என்று சொன்னேனே தவிர, அதற்காக ஒருவரிடமும் நான் பேசவில்லை. இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. எங்கள் வகுப்பில் எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள் என்று டீச்சர் வாட்ஸப் குழுவில் கைதட்டும் படம் போட்டார். அதை நான் கணவரிடம் காட்டினேன்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை அந்த அண்ணனுக்குக் காலை ஷிஃப்ட். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, எட்டரை மணிக்கு அக்கா வாசலில் வந்து நின்றார். 

“போனு பூடுச்சிமா. ரெண்டு சப்பாத்தி சுட்டு நானே எடுத்துனு போயி குடுத்துட்டு வரட்டா?”

“பெல் அடிச்சப்பறம் டப்பா வாங்க மாட்டாங்க அக்கா. நான் டீச்சருக்கு மெசேஜ் போட்டுடறேன். ஒரு நாள்தானே, பாத்துப்பாங்க.”

போட்டேன். டீச்சர் வகுப்பில் போனைப் பார்க்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். நானும் டீச்சராக இருந்தவள். பதில் வரவில்லை. பத்து மணிக்குப் பார்த்தேன், பதினொன்றுக்குப் பார்த்தேன். கிளம்பிப் போகலாமா என்று செருப்பைக்கூட மாட்டினேன். டீச்சர் தொந்தரவாக நினைப்பாரோ என்று திரும்பவும் கழற்றிவிட்டேன்.

இரண்டு மணிக்குப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். அக்காவின் பெண் ஓடி வந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். என் மகள்தான் சொன்னாள். 

“அம்மா, அவ பேரு லிஸ்ட்ல இல்லயாம். தண்ணி மட்டும் குடிச்சா. நான் என் ரொட்டிய ரெண்டா பிச்சு ஆதா குடுத்தேன், வேணான்னுட்டா.”

கேன்டீனிலிருந்து வீட்டுக்கு மூன்று முறை போன் செய்திருக்கிறார்கள். பதிவான எண்ணுக்குத்தான் செய்ய முடியும். அது கேட்டுப் பெட்டிக்குள் அடித்து ஓய்ந்திருக்கிறது. வழியில் அக்கா ஒரு வடாபாவ் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பெண் நிமிராமல் தின்றாள். என் மகள் தனக்கும் ஒன்று வேண்டும் என்றாள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

“உம்மேல கோவம் இல்லமா,” என்றார் அக்கா. “அந்த ஆப்பு வெச்சிருக்கற ஆளுக்கு எல்லா ஊட்லயும் போனு அம்மா கைலதான் இருக்கும்னு நெனப்பு. அவன் ஊட்ல அப்படிப் போல.”

மறுநாள் அவர் டப்பா கட்டினார். சந்தில் மூன்று வீடுகள் கட்டின. டப்பாக்காரப் பிள்ளைகள் வராந்தாவில் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் டப்பாவில் ஒருவர் கை வைத்துச் சாப்பிட்டதைப் பார்த்து, கேன்டீன் பிள்ளைகளும் டப்பா கேட்டு அடம்பிடித்தார்கள். போன் கையில் இருந்த வீடுகளும் நழுவின. தீபாவளி விடுமுறைக்கு முன்பே பள்ளி அந்த ஆப்பை நிறுத்திவிட்டது.

காரணம் கேட்டு, ஆப்பைத் தயாரித்த நிறுவனத்திலிருந்து ஒரு பெண் படிவத்தோடு வந்தார். நெட்வொர்க் சரியில்லை, மொழி புரியவில்லை, பயன்படுத்தக் கடினம், பாதுகாப்பு பற்றிய பயம் என்று கட்டங்கள் இருந்தன. எங்கள் காரணத்துக்குக் கட்டம் இல்லை. கீழே எழுத இடம் இருந்தது. அவர் மணியைப் பார்த்தார். நான் ‘நெட்வொர்க்’ என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டேன். எங்கள் சந்தில் நெட்வொர்க் நன்றாகவே கிடைக்கிறது.

இந்த ஜூனில் வேறொரு நிறுவனத்தின் ஆப் வருகிறது. இது ரொம்பச் சுலபம் என்கிறார் டீச்சர். இந்த முறையும் நான்தான் எல்லாரையும் சேர்க்க வேண்டுமாம். சனிக்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

“முடியாதுன்னு சொல்லு. எல்லாத்தையும் நீ ஏன் தலைல போட்டுக்கற?” என்கிறார் கணவர். 

அக்காவிடமும் கேட்டேன். அவர் திட்டியிருந்தால்கூடச் சுலபமாக இருந்திருக்கும். 

“நீ சேருன்னா சேர்றேன்மா. எனக்கு இதெல்லாம் இன்னா தெரியும்? புள்ள பட்டினியா ஒக்காரக் கூடாது, அவ்ளோதான்.”

நான் விலகினால், கேட்டுப் பெட்டியைப் பற்றியே தெரியாத ஒருவர் அந்த இடத்துக்கு வருவார். ஏற்றுக்கொண்டால் எங்கள் வீட்டு நிலையை எல்லார் முன்னாலும் சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகு, உங்கள் பிள்ளைகள் மட்டும் டப்பா கொண்டுவரட்டும் என்று தனியாக உட்கார வைத்துவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. வங்கிக் கணக்கில் வீட்டுப் பெண்களின் எண்ணைச் சேர்க்கச் சொல்லலாம் என்றால், அது ஆண்கள் லீவு போட்டு வங்கிக்குப் போக வேண்டிய காரியம். அதை வீடு வீடாகப் போய்ச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறதா?

இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போன்ற அம்மாக்கள் இருப்பீர்கள். பள்ளியில் வேலை செய்கிறவர்களும், இப்படி ஆப் தயாரிக்கிறவர்களும்கூட இருக்கலாம். அக்காவிடம் நான் சேரச் சொல்லட்டுமா, வேண்டாம் என்று சொல்லட்டுமா? உங்களுக்குத் தோன்றுவதைச் சனிக்கிழமைக்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.