வல்லூறு வந்த வாசல்

அந்த மார்கழி முழுக்க எங்கள் வாசலில் வெளிச்சம் கலங்கலாகவே இருந்தது. காரிமங்கலம் பக்கம் பனி அவ்வளவு சீக்கிரம் விலகாது. பஸ் சத்தம் கேட்கும், பஸ் தெரியாது. அந்த மங்கலுக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் என் வீட்டுக்காரர், அவர் மடியில் அவருடைய இடது கை. கையைத் தனியாக ஏன் சொல்கிறேன் என்றால், அப்போது அது அவருடையதாகவே இல்லை. ஐப்பசியில் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவர். கால் வந்துவிட்டது, பேச்சும் முக்கால்வாசி வந்துவிட்டது. கை மட்டும் வரவில்லை.

"வேலை குடுத்தாத்தான் கை வரும். சும்மா வெச்சிருந்தா அப்படியே நின்னுரும்" என்று பிசியோதெரபி செய்யும் அம்மா கண்டிப்பாகச் சொல்லி, அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார். மனுஷன் அதைத் தொட வேண்டுமே! "நா என்ன எல்கேஜி புள்ளயா?" என்று ஒரே வீம்பு. கெஞ்சினேன், திட்டினேன், சோறு கிடையாது என்று மிரட்டினேன். எல்லாம் போனாலும் அந்த வீம்பு மட்டும் போகவில்லை பாருங்கள். பந்து கட்டிலுக்கடியில் உருண்டு போய் அங்கேயே கிடந்தது.

அது ராகி அறுத்து வீட்டுக்கு வந்த நேரம். முதல் கதிரில் ஒரு கொத்தைக் குருவிக்கென்று கட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். வாசல் முருங்கைக் கிளையில் கட்டினேன். சிட்டுக்குருவி வந்தது, சில்லைக் குருவி வந்தது, ஒரு ஜோடிப் புறா கீழே சிந்தியதைப் பொறுக்கியது. கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கொத்து காலியான அன்று, நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தால், மடியில் ஒரு ராகிக் கதிர். வலது கையால் அதைப் பிடித்துக்கொண்டு இடது கையால் கசக்கிக்கொண்டிருக்கிறார்! விரல் சரியாக மடங்கக்கூட இல்லை. உள்ளங்கையை வைத்துத் தேய்க்கிறார். நாலு மணி குருவிக்கென்று வைத்த கொட்டாங்குச்சியில் விழுந்தால் நாப்பது மணி தரையில். நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டேன். பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவார், அவர் குணம் எனக்குத் தெரியாதா?

அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் தூக்கத்தில் நடந்தது போலத்தான் இருக்கிறது. பனிக்குள் எங்கேயோ குருவிச் சத்தம், ராகித் தூசி வாசனை, அவர் கசக்கும் சரசர. ஒரு கதிர் இரண்டாச்சு, இரண்டு நாலாச்சு. சுண்டு விரல் மடங்கியது.

அப்புறம்தான் அந்தப் படுபாவி வந்தது. வல்லூறு. புறா அளவுதான் இருக்கும், சாம்பல் முதுகு, சிவப்புக் கண். பக்கத்து வீட்டுக் கூரையை ஒட்டித் தாழ்வாக வந்தது. பொத்தென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முருங்கைக்குக் கீழே நாலு இறகு கிடந்தது. மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும். நாலாம் நாள் எங்கள் வாசலில் ஒரு குருவி இல்லை.

நான் கொடுத்த கதிரை அவர் தள்ளி வைத்தார். "யாருக்குக் கசக்கறது?" கை மறுபடியும் மடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! பளபளப்புக்கு மிரளட்டும் என்று பழைய சிடிக்களைக் கயிற்றில் கோத்துக் கட்டினேன். தட்டைத் தட்டினேன். "நாசமாப் போவ! ஊருல வேற வாசலே கெடைக்கலியா ஒனக்கு?" என்று கல்லெறிந்தேன். அது கரண்ட் கம்பத்தில் உட்கார்ந்து தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. ஒரு வாரம் கழித்து அவர் கேட்டார்.

"வேலிய ஏன் புள்ள வெட்டுன?"

வாசலைச் சுற்றி இடுப்புயரத்துக்கு அடர்த்தியாகக் கிளுவை வேலி இருந்தது, அவர் வைத்து வளர்த்தது. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முதல் நாள் நான்தான் அதை அடியோடு வெட்டினேன். நாற்காலியில் கிடக்கிற மனுஷன் ரோட்டையாவது பார்க்கட்டும், போகிற வருகிற சனத்தைப் பார்க்கட்டும் என்று.

"நீங்க ரோட்டப் பாக்கத்தாங்க."

"ரோட்ட யாரு பாத்தா? குருவி எங்க போயி ஒளியும்?"

அடக் கடவுளே, நல்லது செய்கிறேன் என்று நானேதான் கெடுத்தேனா! அழுகையும் வந்தது, இவ்வளவு நாள் வாயைத் திறக்காமல் இருந்தாரே என்று கோபமும் வந்தது. அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். இலந்தை முள்ளை வெட்டி இழுத்து வந்து முருங்கையடியில் குவித்தேன். கையெல்லாம் கீறல். "இறுக்காத, குருவி நொழைய சந்து வுடு" என்று நாற்காலியிலிருந்தே அதிகாரம் வேறு. சித்திரை மழைக்குக் கிளுவைக் குச்சி நட்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் ஒரு சிட்டு வந்தது. ஐந்தாம் நாள் கூட்டமாக வந்தன. அவர் கதிரைக் கேட்டு வாங்கினார். வல்லூறும் வந்தது. குருவிகள் அத்தனையும் முள்ளுக்குள் பாய்ந்துவிட்டன. அது முள்மேல் உட்கார்ந்து சந்து சந்தாக எட்டிப் பார்த்தது. ஆஸ்பத்திரிக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

தை பிறந்து பனி குறைந்த ஒரு காலை. அவர் இடப்பக்கம் தரையில் உட்கார்ந்து, நாற்காலிக் கையில் என் கையை ஊன்றிக்கொண்டு நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். நிழல் ஒன்று தரையில் ஓடியது. எல்லாம் முள்ளுக்குள் போயின. ஒரு சில்லை மட்டும் கொட்டாங்குச்சி விளிம்பிலேயே நின்றது.

"ஏய், போ!" என்று கத்தினார். அது போகவில்லை. வல்லூறு அதைத் தூக்கிக்கொண்டு போனது.

என் மணிக்கட்டு வலித்தது. குனிந்து பார்த்தேன். ஐந்து விரலும் என் மணிக்கட்டைச் சுற்றி இறுகியிருந்தன. இடது கை. அவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன இறகு ஒன்று இன்னும் கீழே வந்துகொண்டிருந்தது. அந்தச் சில்லைக்காக அழுதேனா, கைக்காக அழுதேனா, எனக்கே தெரியவில்லை.

"வலிக்குதா புள்ள?"

"வலிக்குதுங்க" என்றேன். "வுட்றாதீங்க."