மெட்ராஸில் பார்த்த குருவி

முத்துவீரன் தன் ஆயுசில் சொன்ன பொய்களை எண்ணினால் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். அதில் ஒன்று குருவியைப் பற்றியது. குடியைக் கெடுக்க அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

இலங்கையில் மாத்தளைப் பக்கம் எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கேயே தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டி, தண்ணீர் ஓடக் கான் வெட்டி, ராசம்மாவைக் கட்டி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதில் மகள் புஷ்பவதியைப் பெற்றவர். வடக்கே தம்புள்ளையையும் தெற்கே உக்குவளை ஸ்டேசனையும் தாண்டி எந்த ஊரையும் அறியாதவர். கண் மட்டும் அபாரக் கண். நாற்பத்தாறில் தோட்டத்துக்கு வந்த புதிய வெள்ளைக்காரத் தொரைக்குக் குருவிப் பைத்தியம். 'குருவித் தொரை' என்றுதான் கூலியாட்கள் குடியிருந்த லயத்தில் பேர். ஐப்பசி பிறந்ததும் வடக்கேயிருந்து பறந்து வரும் ஆறுமணிக்குருவி, களைத்துப்போய் லயத்துக்குப் பின்னால் புதருக்குள் ஒண்டும். முதல் ஆளாக அதைக் கண்டு பங்களாவுக்கு ஓடுவது முத்துவீரன்தான். தொரை ஒரு கறுப்பு அட்டைப் புத்தகத்தைத் திறந்து தேதி போட்டு, குருவியின் பேரை எழுதி, பக்கத்தில் முத்துவீரன் பேரையும் எழுதுவார். மற்ற நாளெல்லாம் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடாத உலகத்தில் அது சின்ன விஷயமா?

நாற்பத்தொன்பது தை மாதம் கொழும்பிலிருந்து தொரைக்கு ஒரு கடிதம் வந்தது. அங்கே அவருடைய சிநேகிதர் ஒருவர் கடலோரக் களப்புத் தண்ணீர்ப் பக்கம் அபூர்வமான குருவி ஒன்றைக் கண்டாராம். தொரைக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. முத்துவீரனைப் பங்களா விறாந்தையில் உட்கார வைத்துப் படத்தைக் காட்டினார். கறுப்பும் வெள்ளையுமாக, நெட்டைக் கால். மூக்கு மட்டும் தையல் ஊசியை யாரோ மேல்பக்கமாக வளைத்துவிட்டது போல இருந்தது.

"இது நான் ஒரு நாளும் பாத்தது இல்ல," என்றார் தொரை, தனக்குத் தெரிந்த தமிழில்.

முத்துவீரன் கையில் தொரை வீட்டுப் பீங்கான் கோப்பை. தொரை பார்க்காத ஒன்றைத் தான் பார்த்ததாகச் சொல்ல வேண்டும் என்று ஏன் தோன்றியதோ, சொல்லிவிட்டார்.

"நான் பாத்திருக்கேங்க. மெட்ராஸ்ல."

தொரை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்ப?"

"தொரை இங்க வர்றதுக்கு முந்திங்க. யுத்தக் காலத்துல, நாப்பத்திரண்டு நாப்பத்து மூணுன்னு ரெண்டு வருஷம் அங்கதான் இருந்தேன். ரெண்டு மார்கழியும் ஆத்து வாயில கூட்டமா நிக்கும்."

மெட்ராஸையும் அந்த ஆற்றையும் சின்ன வயசில் அப்பா சொல்லிக் கேட்டிருந்தார், அவ்வளவுதான். தொரை கறுப்புப் புத்தகத்தில் மூன்று பக்கம் எழுதினார். அன்று லயத்துக்குத் திரும்பும்போது முத்துவீரனுக்குத் தரையில் கால் பாவவில்லை. மறுநாளே சொன்னதை மறந்தும் போனார்.

பிறகு சட்டம் வந்தது. தோட்டத்து ஆட்கள் இந்த நாட்டுப் பிரஜை என்று பதிய வேண்டுமானால், முப்பத்தொன்பதிலிருந்து விடாமல் இங்கேயே இருந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டுமாம். பிறந்த மண்ணில் இருந்ததற்கு அத்தாட்சி! ஆள் வருகை பதியும் தோட்டத்துப் பழைய செக்ரோலையெல்லாம் கறையான் தின்றிருந்தது. ஐம்பதில் குருவித் தொரை சீமைக்குக் கப்பலேறும்போது அந்தக் கறுப்புப் புத்தகத்தை முத்துவீரன் கையில் கொடுத்து, "பக்கத்துக்குப் பக்கம் உன் பேர். காட்டு," என்று சொல்லிப் போனார். நல்ல மனசோடுதான் கொடுத்தார். தோட்டத்துக் கிளாக்கர் மாணிக்கவாசகம் இங்கிலீஷ் தெரிந்தவர். நாலு பக்கம் புரட்டிவிட்டு, "முன்னாலுக்குப் புள்ளையோட பத்திரம், பின்னாலுக்கு இது. இதவிட என்னய்யா சாட்சி வேணும்? கண்ண மூடிக்கிட்டுக் கொண்டு போ," என்றார்.

ஐம்பத்து நாலில் மாத்தளையில் விசாரணை. ராசம்மா வெளுத்த சேலையும் முத்துவீரன் இரவல் கோட்டுமாகப் போனார்கள். புஷ்பவதியின் பிறப்புப் பத்திரத்தை அதிகாரி ஒத்துக்கொண்டார். கறுப்புப் புத்தகத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் சிரிப்புக்கூட வந்தது. ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். திடீரென்று சிரிப்பு நின்றது. பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் கேட்டார்:

"நாப்பத்திரண்டிலயும் நாப்பத்து மூணிலயும் நீ மெட்ராஸ்ல இருந்தியா?"

முத்துவீரனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இல்லீங்க சாமி! அது சும்மா சொன்னது. தொரை சந்தோசப்படட்டும்னு சொன்ன பொய்யிங்க. நான் கடலையே பாத்ததில்ல."

"மெட்ராஸையே பாக்காத மனுசன் சாமி," என்று ராசம்மாவும் கும்பிட்டாள்.

அதிகாரி பேனாவை மூடினார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "தொரைக்கிட்டயே பொய் சொன்ன ஆளு, இப்ப எங்ககிட்ட உண்மை சொல்றேன்னு எப்படி நம்புறதுன்னு கேக்குறாரு."

 புத்தகத்தை நம்பினால் நாடு விட்டுப் போனவர், அவரை நம்பினால் பொய்யர். எந்தப் பக்கம் விழுந்தாலும் பள்ளம். மனு தள்ளுபடி என்று மூன்று மாதத்தில் கடிதம் வந்தது.

அதற்குப் பத்து வருஷம் கழித்து இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து, பலாச்சுளையைப் பங்கு போடுவது போல ஆட்களைப் பங்கு போட்டார்கள். முத்துவீரனும் ராசம்மாவும் இந்தியாவின் பங்கு. புஷ்பவதி கட்டியவன் பிரஜையாகப் பதிந்தவன். கூடவே அவளையும் பதிந்துவிட்டான். எழுபத்தொன்றில் அப்பாவையும் அம்மாவையும் உக்குவளை ஸ்டேசனில் ரயிலேற்றியபோது அவள் ரயில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தாள். அந்த மாதிரி அழுகையை அந்த ஸ்டேசன் அந்த வருஷம் தினமும் கேட்டது. ராசம்மா அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. கப்பலில் கொண்டுபோய் இந்தியக் கரையில் இறக்கிய மண்டபத்து முகாமிலேயே போய்ச் சேர்ந்தாள்.

முத்துவீரன் மெட்ராஸுக்கு வந்து, ஆறு கடலில் சேருமிடத்தில் ஒரு குடிசையில் ஒதுங்கினார். கல் சுமந்தார். மறுவருஷம் மார்கழியில் ஒரு விடியற்காலம், சேற்றுத் திட்டில் அவை நின்றன. கறுப்பும் வெள்ளையும், நெட்டைக் கால், மேலே வளைந்த மூக்கு. ஏழு இருந்தன. தொரையிடம் சொன்ன அதே மாதம், அதே ஆற்று வாய். முழங்கால் சேற்றில் நின்றபடி அவர் வாய்விட்டு அழுதார்.

அந்த வாரம் புஷ்பவதியின் கடிதம் வந்தது. தபாலாபீஸ் வாசலில் கடிதம் எழுதிக் கொடுப்பவர் படித்துக் காட்டினார்: 'அப்பா, ஆறுமணிக்குருவி ஐப்பசியிலயே வந்திருச்சு. லயத்துக்குப் பின்னால கத்துது. நீங்க தொரைக்கிட்டச் சொன்ன அந்தக் குருவி அங்க நெசமாவே இருக்கா? பாத்தீங்களா?'

"என்ன பதில் எழுதட்டும் பெரியவரே?"

முத்துவீரன் வாயைத் திறந்தார். ஏழு என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போது அந்தக் கறுப்புப் புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. எழுத்தில் ஏறிய குருவி சும்மா இருக்காது. நாளைக்கு அவள் பெட்டியில் இந்தக் கடிதத்தை யாராவது கண்டெடுத்து, உன் அப்பன் அன்றைக்குச் சொன்னது மெய்தானே, நீ எந்த ஊர்க்காரி என்று கேட்டால்? அவளையும் ரயிலேற்றினால்?

"இல்லன்னு எழுதுங்கய்யா," என்றார். "இந்த ஊர்ல அப்படி ஒரு குருவியே இல்ல. நான் ஒரு நாளும் பாத்ததில்ல. மேல தேதி போடுங்க."

எழுதி முடித்ததும், யாரும் கேட்காமலே மைப்பெட்டியை இழுத்துக் கட்டைவிரலை அழுத்திக் கீழே பதித்தார்.