போளி டப்பாவுக்குள் என் போன்

அந்தோணி அண்ணாச்சி இறந்துவிட்டார். காலையில் அவர் மகள் போன் செய்து சொன்னாள். நெஞ்சுவலி... ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே.

கோவில்பட்டியில் வாடகைக் கார் ஓட்டியவர். பறவைப் படம் எடுக்க வருடா வருடம் அந்தப் பக்கம் போகும் எங்கள் நாலு பேருக்கும் ஏழு வருடமாக அவர்தான் டிரைவர்.

சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம். நான் பெங்களூரில் இருக்கிறேன். எப்படிப் பார்த்தாலும் போய்ச் சேர முடியாது.

ஸ்டேஷனில் எங்களை ஏற்றியதும் ஒரே ஒரு கண்டிஷன்தான் போடுவார். பறவை பக்கத்தில் இருந்தால் யாரும் காரை விட்டு இறங்கக் கூடாது.

"கார் நின்னா மாடு நிக்குன்னு அது பாட்டுக்கு இருந்துக்கிடும் சார். கதவத் தொறந்தா மனுசப்பயன்னு தெரிஞ்சிரும்."

தூரத்திலேயே என்ஜினை ஆஃப் செய்து, மிச்ச வேகத்தில் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு போய் நிறுத்துவார். ஆனால் பறவைப் பெயர் ஒன்றும் மனசில் நிற்காது. பூனைப்பருந்து, வல்லூறு எல்லாமே அவருக்குப் பிராந்துதான். பெரிய பிராந்து, சின்னப் பிராந்து... அவ்வளவே.

மூன்று வருடம் முன்பு, ஒரு சித்திரை வெயிலில், தரிசுக் காட்டில் ஒரு ஜோடி இந்தியன் கோர்சரைக் காட்டினார். எந்த ஊர் என்பது இப்போது வேண்டாம். தரையில் ஓடித் திரியும் சின்னப் பறவை. கூடு கட்டாது. வெறும் கரிசல் மண்ணில் ரெண்டு முட்டை.

நல்ல படம் கிடைத்தது. ஊர்ப் பெயர் போட்டு, வண்டிப்பாதைக்கு வழியும் சொல்லி, இதே பக்கத்தில் போட்டேன். லைக் குவிந்தது. எனக்கும் பெருமைதான்.

அடுத்த வாரம் அண்ணாச்சி போன் செய்தார்.

"சார்... நாலஞ்சு கார் வந்துட்டு. முட்ட மேலயே டயர ஏத்திட்டாவ. அங்கன நின்னவியகிட்ட, யாரு எடம் சொன்னான்னு கேட்டேன். ஒங்க போஸ்ட்டத்தான் காட்டுதாவ."

டெலீட் செய்துவிடுகிறேன் அண்ணாச்சி என்றேன்.

"இனி எதுக்கு சார்..."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறு வருடம் காரில் ஏறியதும் ஒரு காலி டப்பாவை நீட்டினார். கடம்பூர் போளி டப்பா. "ஒங்க போன் மட்டும் சார். ரயில் ஏறும்போது தாரேன்."

மற்ற மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா? அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. அவர் கண்டுகொள்ளவே இல்லை.

அதற்கடுத்த வருடம் அவர் நீட்டும் முன்னே நானே டப்பாவை எடுத்துப் போனைப் போட்டுவிட்டேன். மூடியை அழுத்திவிட்டு வண்டியை எடுத்தார்.

போன தை மாதம் கடைசிப் பயணம். மத்தியானம் ஒரு காட்டோரம் காரை உருட்டி நிறுத்தினார். பின்னால் திரும்பாமல், சின்னக் குரலில்,

"சார்... கோர்சர்."

அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பறவைப் பெயர் அதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பறவையை விட்டுவிட்டு, ஸ்டியரிங்கில் கை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்த அவரைத்தான் முதலில் எடுத்தேன்.

கேமராவில் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. எம் மூஞ்சியப் போடுங்க சார்... எடத்தப் போட்றாதீய."

கீழே இருப்பது அந்தப் படம்தான். எங்கே எடுத்தது என்று கமென்ட்டில் யாரும் கேட்க வேண்டாம்.

சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. போய் வாருங்கள்.