பிளாஸ்ரிக் மீனும் ஆறு மணிச் சாப்பாடும்

ஹீற்றரின் மேல் வைத்த பிளாஸ்ரிக் மீனுக்கு ஒரு மணம் உண்டு. புதுச் செருப்பும் மெழுகுதிரியும் கலந்ததுபோல. குளிர்காலச் சனிக்கிழமைகளில் எங்கள் ஸ்பானிஷ் ரீச்சர் தன் சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்ததும் முதலில் ஹீற்றரின் மேல்தான் வைப்பார். பெட்டிக்குள் எல்லாமே பிளாஸ்ரிக்: ஒரு மீன், பேக்கரியில் விற்பதுபோல அரைப் பாண், தக்காளிகள், ஒரு பக்கம் நசுங்கிப்போன முட்டை. எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, காலையில் சாப்பிடுவது "தெசாயூனோ", மத்தியானம் "அல்முவெர்சோ", இரவு "சேனா" என்று சொல்லித்தருவார். நாங்கள் ஒருவரிடம் ஒருவர் பாண் கேட்டு, மீன் கேட்டு, நன்றி சொல்லி, வாயை அசைத்துச் சாப்பிடுவதுபோல நடிக்க வேண்டும். பதினொரு வயதில் நான் மற்றவர்களோடு கூடியிருந்து சாப்பிட்டதில் பாதி அந்தப் பிளாஸ்ரிக் சாப்பாடுதான்.

நான் ஸ்பானிஷ் படிக்கப் போனது ஆசைப்பட்டு அல்ல. நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த மோர்னிங்சைட்டில், வீட்டுக்குக் கிட்ட இருந்த பள்ளியில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு நிரம்பிவிட்டது. அம்மாவும் அப்பாவும் சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறவர்கள், என்னை எங்கேயாவது இருத்த வேண்டும். "என்ரை கிச்சினிலை எல்லாரும் உதுதான் கதைக்கிறாங்கள். படிக்கட்டும், நட்டமில்லை" என்று அப்பா பெயரைப் பதிந்துவிட்டார். அவர் ஒரு உணவகத்தில் சாப்பாட்டுக் கோப்பை கழுவினார். அங்கே கேட்டுக் கேட்டு இரண்டொரு சொல் அவருக்குப் பிடிபட்டிருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மற்ற நாட்களில் பள்ளி விட்டு வந்தால் வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அம்மா பொதி கட்டும் தொழிற்சாலையில் பின்னேர ஷிப்ற். அவர் வைத்துவிட்டுப் போன சோற்றை நான் ரிவிக்கு முன்னால் நின்றபடியே சாப்பிடுவேன். "அடுப்பிலை கை வைக்காதை, கதவைத் திறக்காதை, ரிவியைக் கூட்டி வைக்காதை" என்பது அம்மா தினமும் சொல்லிவிட்டுப் போவது. பசியும் தனிமையும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பயம்தான் பெரிது. மூன்றாம் மாடி அன்ரி ஒருநாள் அம்மாவிடம், "பிள்ளையைத் தனிய விட்டிட்டுப் போறியள் எண்டு பிள்ளையளைப் பாக்கிற ஒபிஸிலை தெரிஞ்சுதெண்டா வந்து கொண்டு போயிடுவாங்கள்" என்று சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு படியில் யாருடைய சப்பாத்துச் சத்தம் கேட்டாலும் ரிவியை நிறுத்திவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன்.

இப்படியிருக்க, ரீச்சர் ஒரு வீட்டுப்பாடம் தந்தார். உங்கள் வீட்டு இரவுச் சாப்பாட்டை வரையுங்கள், மேசையில் யார் யார், என்ன என்ன, எத்தனை மணிக்கு என்று ஸ்பானிஷில் எழுதுங்கள் என்றார். மற்றப் பிள்ளைகளுக்கு அது படம். எனக்கு அது வாக்குமூலம். உள்ளதை வரைந்தால் ஒரு கோப்பையும் ஒரு பிள்ளையும்தான் வரும். ஆகவே பாடப்புத்தகத்தில் இருந்த குடும்பத்தை அப்படியே பார்த்து வரைந்தேன்: அப்பா, அம்மா, நான், சூப், மீன், பாண். "சேனா, ஆறு மணி" என்று பெரிதாக எழுதினேன். புத்தகத்து அம்மாவின் கையில் ஒரு சிவப்புக் கிளாஸ் இருந்தது. பதற்றத்தில் அதையும் வரைந்து, பக்கத்தில் வைனுக்கு "பீனோ" என்றும் எழுதிவிட்டேன்.

பெற்றோரைக் கூப்பிட்ட நாளில் அப்பா வேலையில் இரண்டு மணித்தியாலம் லீவு சொல்லிவிட்டு வந்தார். எந்தக் கந்தோர், எந்த டொக்ரர் என்றாலும் அவருக்கு ஆங்கிலத்தைத் தமிழில் சொல்கிறவள் நான்தான். ரீச்சர் என் படத்தை எடுத்து வைத்து, தினமும் ஆறு மணிக்கு மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிடுகிறீர்களாமே, இந்த ஊரில் அது எவ்வளவு அருமை என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"நல்லாப் படிக்கிறனாம்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, வெந்நீரில் ஊறி வெளிறிய விரலைப் படத்தில் வைத்து, சூப், மீன், பாண் என்று ஒவ்வொரு சொல்லாகப் போனார். அவருடைய கிச்சின் குளிர்பெட்டியில் ஒவ்வொரு டப்பாவிலும் சமையல்காரர்கள் ரேப் ஒட்டி எழுதி வைத்தது அதே சொற்களைத்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. விரல் "சேனா"வில் வந்து நின்றது. அப்பா நிமிர்ந்து ரீச்சரைப் பார்த்து, "ஸீ. சேனா. செய்ஸ். பெஸ்காடோ, முச்சோ" என்றார். ஓம், ஆறு மணிக்குத்தான், நிறைய மீன். ரீச்சர் மகிழ்ந்துபோய் அவருக்குக் கைகொடுத்தார்.

பஸ்ஸில் அப்பா ரிக்கற்றை மடித்தபடியே வந்தார். பிறகு, "ஆரும் கேட்டவையோ, வீட்டிலை ஆர் நிக்கிறதெண்டு?" என்றார்.

"இல்லை. ஆரும் கேட்டா எண்ட பயத்திலைதான் அப்பிடி எழுதினன்."

யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும் நேரத்தில்தான் சொன்னார்: "கொம்மான்ரை கையிலை இருக்கிற வைனை மட்டும் அழிச்சுப்போடு. கண்டாவெண்டா ரெண்டு பேரையும் கலைச்சுப்போடுவா." அழித்தேன். சிவப்புப் பென்சில் முழுதாகப் போகவில்லை.

உணவகத்தில் அவருக்குத் திங்கட்கிழமை லீவு. அன்றைக்கு வேறு ஒரு கட்டடத்தில் துப்புரவு வேலைக்குப் போவார். அடுத்த திங்கள் நான் பள்ளியால் வந்தபோது வீட்டில் நின்றார். அந்த வேலையை விட்டுவிட்டதாக அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடை விளம்பரப் பேப்பர்கள் குவிந்து கிடந்த மேசையைத் துப்புரவாக்கி, சோறும் சொதியும் பொரித்த மீனும் வைத்து, மூன்று கோப்பை போட்டார். சரியாக ஆறு மணிக்கு "சேனா" என்று சொல்லிக்கொண்டு மேசையில் வந்து அமர்ந்தார். மூன்றாவது கோப்பையைப் பார்த்தேன். "கொம்மாவுக்கும் இப்பதான் பிரேக். அங்கை சாப்பிடுறா" என்றார். அடுத்த சனிக்கிழமை, நேற்றும் முந்தாநாளும் என்ன சாப்பிட்டீர்கள் என்று ரீச்சர் கேட்டபோது, நான் திங்கட்கிழமைச் சாப்பாட்டைச் சொன்னேன். ஒரு சொல்லை மட்டும் திருத்திவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார். என் பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். திங்கட்கிழமைகளில் குறைந்திருந்தது.

அப்பா முதுகு வலியால் வேலைக்குப் போக முடியாமல் விழுந்தபோது நான் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். இப்போது அப்பா இல்லை. அந்தப் பள்ளியில் சனிக்கிழமை ஸ்பானிஷும் இல்லை. பிளாஸ்ரிக் மீன் எங்கே போயிற்றோ. படமும் நாலு வீடு மாறியதில் தொலைந்துபோனது. நான் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறேன். ஆறு மணி, கொத்துரொட்டிக்குச் சனம் வரிசையில் நிற்கும் நேரம். அந்த நேரத்திலும் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மகளைக் கூப்பிடுவேன். அவளுக்குப் பதினான்கு வயது; பயப்பட ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவளும் ஸ்பானிஷ் படிக்கிறாள், ரப்லெற்றில். போன கிழமை கூப்பிட்டபோது, "நான் ஆறு மணிக்கு என் குடும்பத்தோடு சாப்பிடுகிறேன்" என்று அது ஸ்பானிஷில் சொல்ல, அவள் திருப்பிச் சொன்னாள். சரி என்று ரப்லெற் மணி அடித்தது.

"சாப்பிட்டியோ?" என்று கேட்டேன்.

"ஓம் அம்மா, டோன்ற் வொறி."

அந்தப் பதில் எவ்வளவு லேசாக வாயில் வரும் என்று எனக்குத் தெரியும். கடை முதலாளி அண்ணையிடம் திங்கட்கிழமைகளில் லீவு கேட்டிருக்கிறேன். பார்ப்பம் என்றிருக்கிறார்.