பதினாறு கேள்வியில் கிடைக்காத ஃபைல்

கொலைகாரி என்று எதிர்வீட்டுத் தையல்காரம்மா சொன்னாளாம். சொல்லட்டும், வாய் அவளுடையது. ஆனால் செத்தது யார் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டுமா இல்லையா? அவர்கள் சொல்கிற கண்ணாடி வெட்டுகிறவர் இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறார். போன வாரம்கூடக் கடையைத் திறந்து ஒரு ஜன்னலுக்கு அளவெடுத்தாராம். உயிரோடு இருக்கிற மனுஷனைச் சாகடித்து, அந்தப் பழியை ஒருத்தி தலையில் கட்ட எவ்வளவு துணிச்சல் வேண்டும்! "கம்ப்யூட்டரை நோண்டி நோண்டி ஒரு ஆளையே முடிச்சுட்டா" என்று கடைக்குக் கடை கண், காது, மூக்கு வைத்துச் சொல்கிறார்கள். தப்பு நடந்தது. அவள் செய்த தப்புதான். அதை முதலில் சொன்னவளும் அவள்தான். என்ன தப்பு என்று தெரியாமல் பேசுகிறவர்கள் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு கேட்டால் நல்லது.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஃபைல் அக்கா என்று பெயர். தரைக்குக் கீழே இருக்கிற ரெக்கார்டு ரூமில் பதினான்கு வருடம் வேலை பார்த்தாள். ஜன்னல் இல்லாத நீள அறை, கூரை வரைக்கும் இரும்பு ரேக்குகள், நாற்பதாயிரம் ஃபைல்கள். மேலேயிருந்து நோயாளியின் எண் எழுதிய சீட்டு வரும். இவள் ஏணி போட்டு ஏறி எடுத்துக் கொடுப்பாள். எந்த ஃபைல் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க மூலையில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். ரேக்கின் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக ஒரு குறிப்பு அதில் பதிந்திருந்தது. எண்ணைத் தட்டினால் முதல் இடத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு குறிப்பாகத் திறந்து, பார்த்து, மூடி, அடுத்ததைத் திறக்கும். ஐந்து நிமிஷமும் ஆகும், ஏழு நிமிஷமும் ஆகும். அதற்குள் அவசரப் பிரிவிலிருந்து போன் அலறும்.

"ஏம்மா, ஃபைலைத் தேடுறியா, இல்ல புதுசா அட்டை வெட்டி ஒட்டிக்கிட்டு இருக்கியா?"

பதினான்கு வருடம் கேட்ட கேலிதான். ஒருநாள் அது சுருக்கென்று தைத்துவிட்டது. தம்பி மாற்றிவிட்டு ஒதுக்கிப் போட்டிருந்த லேப்டாப்பை வாங்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தபின், சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, இலவசமாக வரும் கம்ப்யூட்டர் பாடங்களைப் பார்க்க ஆரம்பித்தாள். டயர் கடை வைத்திருக்கிற கணவருக்கு முதலில் சிரிப்பு.

"பரீட்சை எப்பன்னு சொல்லு, பிட்டு எடுத்துட்டு வந்து வாசல்ல நிக்கிறேன்."

"நீங்க நின்னா வாட்ச்மேன் வண்டிக்குக் காத்தடிக்கச் சொல்லுவாரு. போங்க."

தட்டுகளை அடுக்கினால் கடைசியாக வைத்த தட்டுதான் முதலில் கைக்கு வரும். மருந்து கவுண்டரில் நின்றால் முதலில் வந்தவர்தான் முதலில் போவார். இதற்கெல்லாம் ஒரு பாடமா என்று நினைத்தாள். அதையே கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி எழுதச் சொன்னபோதுதான் விழி பிதுங்கியது. ஒரு சின்னப் புள்ளி விட்டுப் போனதற்கு முழு மத்தியானமும் போயிற்று. கண்டுபிடித்தபோது கோபத்தில் அழுதாள். அழுதுவிட்டு அடுத்த ஞாயிறும் உட்கார்ந்தாள். ஏழெட்டு மாதம் இப்படி. கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசுகிறாள், யாரோ ஒருத்தன் இருக்கிறான் என்று தையல்காரம்மா கதை கட்டியதும் இந்த நாட்களில்தான். அங்கே இருந்தது அந்த லேப்டாப் ஒன்றுதான். அதுவும் அரைமணிக்கு ஒருமுறை சூடேறி அணைந்துபோகும்.

பிறகு அந்தப் பாடம் வந்தது. பாதி பாதியாகத் தேடுவது. வரிசையின் நடுவைத் திற. நீ தேடும் எண் அதைவிடப் பெரியதா? அப்படியானால் முன்பாதி முழுக்க வேண்டாம், தள்ளு. மிச்சத்தின் நடுவைத் திற. மறுபடி பாதியைத் தள்ளு. நாற்பதாயிரம் இருபதாயிரமாகும், பத்தாயிரமாகும், ஐயாயிரமாகும். நோட்டில் பாதியாக்கிக்கொண்டே போனாள். பதினாறு முறை கேட்டால் போதும், எந்த ஃபைலும் கிடைத்துவிடும். நம்பாமல் மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் உப்பே இல்லை; யாரும் சொல்லவில்லை, அவள் முகம் அப்படி இருந்தது.

மூன்று வாரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தான் எழுதிய புரோகிராமைப் போட்டுவிட்டாள். மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்றார். அன்றைய சீட்டுகளிலிருந்து இருபது எண்களைத் தட்டினாள். இருபதும் கண் சிமிட்டுவதற்குள் வந்தன.

"அடேங்கப்பா! ஃபைல் அக்கா இல்ல, நீ இனிமே கம்ப்யூட்டர் அக்கா" என்றார் அவர். மறுநாளே மேல்மாடி ஆட்களைக் கூட்டி வந்து, "நம்ம ஐடியா" என்று காட்டினார். நம்ம என்றதில் அவள் எவ்வளவு, அவர் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

தப்பு எங்கே என்று கேட்கிறீர்களா? ரெக்கார்டு ரூம் வாசல் அருகே இடுப்பு உயரத்தில் ஒரு தட்டு. எட்டு வருடத்துக்கு முன்னால் முழங்கால் வலி வந்தபோது, வாராவாரம் வருகிறவர்களின் ஃபைல்களை மட்டும் ரேக்கிலிருந்து இறக்கி அங்கே வைத்தாள். முப்பது நாற்பது ஃபைல் இருக்கும். கம்ப்யூட்டரிலும் ஒழுங்காக மாற்றினாள்: வாசல் தட்டு, முதல் இடம். எண்கள் பெரியவை, இருப்பதோ வரிசையின் தலைமாட்டில். அந்த ஃபைல்களை அவள் ஒருநாளும் கம்ப்யூட்டரில் தேடியதில்லை. சீட்டில் எண்ணைப் பார்த்ததும் கை தானாகப் போகும். அன்றைக்குச் சோதித்த இருபது எண்களும் ஏணி போட வேண்டிய எண்கள். கைக்குத் தெரிந்ததைக் கம்ப்யூட்டரிடம் ஏன் கேட்பாள்?

எல்லாம் ஏறுவரிசையில் இருந்தால்தான் பாதியைத் தள்ளலாம் என்று பாடத்தின் முதல் வரியிலேயே சொல்லியிருந்தார்கள். அவளும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். ரெக்கார்டு ரூமைவிட வரிசையான இடம் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று நினைத்துவிட்டாள்.

மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று ஒருநாள் லீவு போட்டாள். அவள் இடத்தில் ஒரு தற்காலிகப் பெண். கைக்குழந்தைக்காரி, வேலைக்கு வந்து இரண்டு மாதம், வாசல் தட்டின் கணக்கு அவளுக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் கண்ணாடி வெட்டுகிறவரைக் காய்ச்சலில் நினைவு தப்பிய நிலையில் கொண்டுவந்தார்கள். மூச்சிரைப்புக்கு வாராவாரம் வருகிறவர். சட்டைப் பையில் அட்டை இருந்தது, அட்டையில் எண் இருந்தது. அந்தப் பெண் தட்டினாள். 'இல்லை' என்றது. மறுபடி தட்டினாள். 'இல்லை.' மேலே அப்படியே சொன்னாள். புது ஃபைல் போட்டு ஊசி போட்டார்கள். அந்த ஊசி ஆகவே ஆகாது என்று பழைய ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தது. தொண்டை வீங்கி மூன்று நாள் குழாய் வழியாக மூச்சு விட்டார் மனுஷர்.

மறுநாள் காலை அவள் வந்தபோது ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வாசல் தட்டிலிருந்து அந்த ஃபைலை உருவி எடுத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் எண்ணைத் தாளில் எழுதி, கம்ப்யூட்டர் கேட்டிருக்கும் ஒவ்வொரு கேள்வியையும் தானே கேட்டாள். நடு. பெரியது. முன்பாதியைத் தள்ளு. முதல் கேள்வியிலேயே வாசல் தட்டு போய்விட்டது. மிச்சக் கேள்விகள் அத்தனையும் அவர் இல்லாத பக்கத்தில்.

மத்தியானம் மேற்பார்வையாளர் கதவைச் சாத்திவிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். "அந்தப் பொண்ணு எண்ணைத் தப்பாத் தட்டிட்டான்னு எழுதியிருக்கு. நீ கையெழுத்துப் போட்டாப் போதும். அவ தற்காலிகம், போனா வேற இடம் பாத்துப்பா. உனக்கு இன்னும் எத்தனை வருஷ சர்வீஸ் இருக்கு?"

"அவ சரியாத்தான் சார் தட்டுனா. ரெண்டு தடவை."

"அது உனக்கும் எனக்கும் தெரியும். நாளைக்கு விசாரணை. வீட்ல கலந்து பேசிட்டு வா."

வீட்டில் கலந்து பேசியது ஊருக்கே கேட்டது.

"போட்டுத் தொலையேன்! யாரு செத்துட்டாங்க இப்போ?"

"செத்திருந்தா?"

"சாகலயில்ல! அந்தப் பொண்ணு உனக்கு அக்காவா, தங்கச்சியா?"

"அவ புள்ளைக்குப் பால் கொடுக்கப் போற நேரத்தக்கூட என்கிட்டச் சொல்லிட்டுத்தாங்க போவா. நான் எழுதுனது 'இல்லை'ன்னு சொல்லுச்சு. அத நம்புனா. அவ்வளவுதான் அவ பண்ண தப்பு."

"இந்தப் படிப்பு வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன்."

"சொல்லல. பிட்டு கொண்டாரேன்னு சொன்னீங்க."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அவள் வைத்த சாப்பாடு அப்படியே இருந்தது.

விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தற்காலிகப் பெண் சுவரோரம் நின்று புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். மேற்பார்வையாளரின் கடிதம் மேஜைமேல் இருந்தது. ஃபைல் அக்கா அதைத் தொடவில்லை. கையெழுத்துப் போட்ட தன் தாளை அதன்மேல் வைத்து, எழுத்துக்கூட்டாத குறையாக நிதானமாக வாசித்தாள். எந்த நடுவைத் திறந்தது, எந்தப் பாதியைத் தள்ளியது, ஏன் தள்ளியிருக்கக் கூடாது, எல்லாம் இருந்தது. கடைசியில், பழைய புரோகிராமை நேற்றே திரும்பப் போட்டுவிட்டதாகவும் எழுதியிருந்தாள்.

நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணுமே புரியலம்மா. தப்பு மெஷின்மேலயா, உன்மேலயா?"

"மெஷின் நான் சொன்னதத்தான் செஞ்சுது சார்."

"இத ஃபைல்ல வச்சா உனக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும். வைங்க."

மறு உத்தரவு வரும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். சாவியைக் கொடுத்தாள். தற்காலிகப் பெண் ஏதோ சொல்ல வந்தாள், அழுகைதான் வந்தது. "குழந்தைக்கு நேரமாச்சு, போ" என்றாள் இவள்.

பையை எடுத்துக்கொண்டு ரெக்கார்டு ரூமிலிருந்து மாடிப்படி ஏறும்போது கணவரின் போன்.

"என்ன, கையெழுத்துப் போட்டியா?"

"போட்டேன். வேற தாள்ல."

அந்தப் பக்கம் டயர் கழற்றுகிற இரும்பு எங்கோ விழுந்த ஓசை கேட்டது. அவள் போனைப் பைக்குள் போட்டாள். தோளில் அந்தச் சூடேறும் லேப்டாப்பின் கனம். மத்தியானம் பன்னிரண்டு மணி. வேலை நாளில் அந்த நேரத்துக்கு அவள் வெளியே வந்ததே இல்லை. பெரிய கதவைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.