எலக்ட்ரிக் லாரிக்கு எங்கே பொட்டு வைப்பது?

1. வாய்

லாரிக்குப் பூசை போட்டது ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை அது சார்ஜ் ஏறவில்லை. செவ்வாய்க்கிழமை அரசாங்க அதிகாரி பார்க்க வருகிறார். ஒடாஹுஹு லாரி யார்டில், வண்டிகளை ஓட்டத்துக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் வேலைக்குச் சேர்ந்தபின் நான் சந்தித்த முதல் நெருக்கடி இதுதான்.

புக்கெகோஹி தோட்டங்களிலிருந்து அரசாங்கச் சமையலறைகளுக்குக் காய்கறி ஏற்றும் ஒப்பந்தம் எங்களுடையது. அதைப் புதுப்பிக்க வேண்டுமானால் கம்பெனி ஒரு எலக்ட்ரிக் லாரியாவது வாங்கியிருக்க வேண்டும் என்று புது விதி வந்தது. ஒப்பந்தம் போனால் அந்த ஓட்டத்தை நம்பியிருக்கும் டிரைவர் செல்வாவுக்கு வேலை இல்லை. அவர் ஈப்போவிலிருந்து வந்தவர். வீட்டுக்கு மார்ட்கேஜ் கடன் கட்டிக்கொண்டிருந்தார். முதலாளி யோகண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர், இதைச் செல்வாவின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

லாரியை வாங்கிக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். தேங்காய் உடைத்தாயிற்று. பொட்டு வைக்க ஐயர் எஞ்சினைத் தேடினார்.

"தம்பி, எஞ்சின் எங்கை எண்டு ஐயர் கேக்கிறார். படிச்சனீதானே, காட்டன்," என்றார் யோகண்ணை.

"இதுல எஞ்சினே கிடையாதுண்ணே. மோட்டார், பேட்டரி எல்லாம் அடியில மூடி இருக்கு."

"அப்ப இவ்வளவு காசு குடுத்து வெறும் தகரத்துக்கே பொட்டு வைக்கிறது?"

செல்வா பக்கவாட்டு மூடியைத் திறந்தார். "பாஸ், இதான் வாய். கரண்ட்டு இங்கதான் சாப்பிடுது லா."

ஐயருக்கு அது நியாயமாகப் பட்டது. சார்ஜிங் போர்ட்டின் ஒவ்வொரு குழிக்குள்ளும் விரல் நிறையச் சந்தனம், மேலே குங்குமம். யோகண்ணை தன் பங்குக்குப் பன்னீரும் தெளித்தார்.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். எதையும் ஒரு வரி விடாமல் படிப்பேன். அந்த லாரியின் கையேட்டையும் அப்படித்தான் படித்திருந்தேன். போர்ட்டில் தூசி, சேறு, உப்புத் தண்ணீர் படக்கூடாது என்று போட்டிருந்தது. சந்தனத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. அதனால் தடுக்கவில்லை.

2. அதிகாரி

திங்கட்கிழமை கேபிளைச் செருகியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. மெக்கானிக் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, போர்ட்டையே மாற்ற வேண்டும், அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்.

"டூத்பிக் குடுங்க, நான் நோண்டி எடுத்துர்றேன்," என்றார் செல்வா.

"வேணாம்ண்ணே, கையேட்டுல அது மட்டும் கூடாதுன்னு தெளிவா போட்டிருக்கு," என்றேன்.

யோகண்ணை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நாளைக்கு வாற அதிகாரி மனிசி லாரி ஓடுமோ எண்டு கேட்டா, சார்ஜில நிக்குது எண்டு சொல்லு. கேபிள் செருகித்தானே கிடக்கு? பொய் இல்லை."

அதிகாரி வந்தார். லாரியைச் சுற்றி வந்தார், நம்பர் பிளேட்டைப் படம் எடுத்தார். நல்ல வாசனை என்றுகூடச் சொன்னார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவர் கேட்காமலேயே, "இந்த லாரி இப்போது ஓடாது," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

யோகண்ணை கண்ணை மூடிக்கொண்டார். செல்வா தன் பூட்ஸையே பார்த்தார்.

அதிகாரி பொறுமையாக என்னிடம் கேட்டார். "இது எலக்ட்ரிக்தானே?"

"ஆமாம்."

"உங்கள் கம்பெனி வாங்கியதுதானே?"

"ஆமாம்."

"நான் பார்க்க வந்தது அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒப்பந்தம் கிடைத்தது. செல்வா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அது நன்றியா கோபமா என்று இன்றுவரை தெரியவில்லை.

"அண்ணே, புது போர்ட் ஆர்டர் பண்ணட்டுமா?" என்று கேட்டேன்.

"ஏன்ரா? ஓடச் சொல்லி ஆர் கேட்டது? அதின்ரை பாட்டில நிக்கட்டும். வாய் இருக்கிற எல்லாத்துக்கும் சாப்பாடு போட ஏலாது."

செல்வா இன்றும் பழைய டீசல் லாரியில்தான் புக்கெகோஹி போய் வருகிறார். அரசாங்கக் கணக்கில் அவர் ஏற்றிவரும் முட்டைக்கோஸ் மின்சாரத்தில் வருகிறது.

டிஸ்பாட்ச் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். விதி எதைக் கேட்கிறது என்று மட்டும் படிக்காதீர்கள். எதைக் கேட்காமல் விட்டிருக்கிறது என்பதையும் படியுங்கள். உங்கள் முதலாளி அதைத்தான் முதலில் படித்திருப்பார்.